மஞ்சள் கோடு

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காகச் செல்லாயி ஒரு பழைய வேட்டியின் கரையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கந்தவேல் விடியற்காலையில் போய்விட்டார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நல்லம்மாள், கணவரின் முகத்தைப் பார்க்காமல் வாசலில் நின்ற மகனைப் பார்த்துக் கேட்டாள்.

"மணியா, கோடு தெரியுதா?"

"தெரியுதுங்கம்மா. அதுக்குக் கீழ இன்னும் ரெண்டு படி இருக்குது."

செல்லாயி கந்தவேலுக்கு அண்ணி. கொழுந்தன் செத்துக் கிடக்கும்போது இவள் என்ன கோட்டைக் கேட்கிறாள் என்று அவளுக்குக் கவலையாக இருந்தது. அழாமல் இருப்பவர்களைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் எண்ணம்.

மூன்று நாள் மழை. மேற்கே ஏரி உடைத்துக்கொண்டதாக விடியும்போதே சத்தம் கேட்டது. பத்து வருடங்களாக ஆடு மேய்ந்த ஓடை இப்போது தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். தண்ணீர் வடியாமல் பிணத்தை எடுக்க முடியாது. தகவல் சொல்லப் புதுச்சத்திரம் வரை போகலாம் என்று இறங்கிய மணியன், இடுப்பளவு தண்ணீரில் பாதியிலேயே திரும்பி வந்திருந்தான்.

இந்த வீடு கட்டியபோது ஊரே சிரித்தது. கந்தவேல் லாரிக்காரர். சங்ககிரியிலிருந்து சரக்கு ஏற்றிப் பாதி இந்தியாவைப் பார்த்தவர், கடைசியில் இந்தப் பள்ளத்தில் வந்து மனை வாங்கினார். விலை குறைவு என்று வாங்கிவிட்டு, ஏன் குறைவு என்று பிறகு விசாரித்தார். அதற்காக வீடு வீடாகப் போய், அந்தக் காலத்து வெள்ளம் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டார். ஒருவர் நெல் குதிரின் வாய் வரை என்றார், இன்னொருவர் இடுப்பு வரை என்றார். மாரியம்மன் கோயில் சுவரில் தண்ணீர் நின்ற கறை மட்டும் பொய் சொல்லாமல் இருந்தது. கொத்தனாரை வைத்து, ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, அந்த உயரத்தைத் தன் மனைக்குக் கொண்டுவந்தார். லாரிக்கு அடித்து மீந்த மஞ்சள் பெயிண்டில், வாசலையொட்டிய அடிச்சுவரில் அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கும் மேலேதான் தளம் போட்டார்.

அதனால் வாசலுக்கு அத்தனை படிகள். தண்ணீர்க் குடத்தோடு ஏறி இறங்கி நல்லம்மாளின் முழங்கால் தேய்ந்தது. அதைச் சொல்லி அவள் திட்டாத நாள் இல்லை. அவளுடைய தம்பி சின்னுசாமிக்கோ கேலி செய்ய வேறு விஷயமே வேண்டியிருக்கவில்லை. அவன் பக்கத்து மனையை வாங்கித் தரையோடு தரையாக மண்சுவர் வீடு கட்டியிருந்தான். ஊட்டுக்கு எப்ப மச்சான் நம்பர் பிளேட்டு மாட்டறீங்க என்று விருந்தாளிகள் முன்னால் கேட்பான்.

இன்சூரன்ஸ் விஷயத்திலும் அதே கதைதான். லாரிக்கு எழுத வந்த ஏஜெண்டிடம், வீட்டுக்கும் எழுதுவீங்களா என்று கந்தவேல் கேட்டார். ஏஜெண்ட் எழுதினார். என்னென்னவற்றுக்குக் கொடுப்பீர்கள், படித்துக் காட்டுங்கள் என்றார் கந்தவேல். தீ, இடி என்று வந்ததே தவிர வெள்ளம் வரவில்லை. அதற்குத் தனியாகக் கட்ட வேண்டுமாம். இந்தப் பக்கத்தில் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்று ஏஜெண்ட் சிரித்தார். கந்தவேல் சிரிக்காமல் அதையும் சேர்த்துக் கட்டினார். மைத்துனனையும் கூட்டிவந்து உட்கார வைத்தார். சின்னுசாமி தீக்கு மட்டும் போதும் என்றுவிட்டான். குடிக்கவே தண்ணி காணோம், தண்ணிக்கு எதுக்கு மச்சான் காசு என்று அவன் கேட்டதற்கு ஏஜெண்ட் மறுபடியும் சிரித்தார்.

நேற்று இரவு மூச்சு வாங்கிக்கொண்டே கந்தவேல் மழையைக் கேட்டபடி படுத்திருந்தார். "கோடு தெரியுதா?" என்று கேட்டார். நல்லம்மாளுக்கு எழுந்து விளக்கைத் தூக்கிக்கொண்டு படியிறங்க முடியவில்லை. தெரியுதுங்க, தூங்குங்க என்றாள். அவர் அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

"அம்மா, மாமன் வந்திருக்கறாரு," என்றான் மணியன்.

சின்னுசாமி கீழ்ப்படியில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தான். தோளில் ஒரு குழந்தை, பின்னால் மனைவி பாப்பாயி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு. அவர்களுக்குப் பின்னால் தெருக்காரர்கள் சிலர் மூட்டைகளோடு நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. சாவு வீட்டுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை இல்லாமல் வருவது எப்படி என்று அவன் நிற்கிறான் என்பது நல்லம்மாளுக்குத் தெரிந்தது.

"ஊடு உழுந்திருச்சுக்கா," என்றான் அவன். "கோடி எடுக்கக்கூட..."

"புள்ளைங்கள மேல கொண்டா சாமி. எல்லாரையும் ஏறச் சொல்லு."

ஏறினார்கள். பிணத்தைச் சுற்றிச் சுவரோரமாக ஈரத்துணியோடு உட்கார்ந்தார்கள். அந்தக் கூடம் இந்தக் குடும்பத்துக்கு ரொம்பப் பெரிது என்று நல்லம்மாள் பலமுறை சொன்னதுண்டு. இப்போது உட்கார இடம் சரியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சின்னுசாமியின் கடைக்குட்டி பசிக்குது என்று சிணுங்கியது. பாப்பாயி அதன் வாயைப் பொத்தினாள்.

நல்லம்மாள் எழுந்து சமையலறைக்குப் போனாள். செல்லாயிக்குப் புரிந்துவிட்டது. பின்னாலேயே வந்து வழியை மறித்தாள்.

"பொணம் கெடக்கற ஊட்டுல அடுப்பு பத்த வெக்கறதா? ஆகாதுங் கண்ணு. பங்காளி ஊட்டுல இருந்துதான் கஞ்சி வரோணும்."

"பங்காளிக ஊடெல்லாம் தண்ணிக்குள்ள இருக்குதுங்கக்கா."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு கூடத்துலதான் உக்காந்திருக்குது. கேட்டுப் பாருங்க." நல்லம்மாளின் குரல் அப்போதுதான் உடைந்தது. "நாம ரெண்டு பேரு நனையாம இருக்கறதுக்கா அவிய இத்தன ஒசரம் கட்டுனாங்க? வெள்ளம் வந்தா எல்லாரும் இங்கதான் வரோணும்னு சொல்லித்தான் கூடத்த இழுத்துக் கட்டுனாங்க. நாந்தான் அதுக்கும் திட்டுனேன்."

நல்லம்மாள் அடுப்பைப் பற்ற வைத்தாள். பரண் மேலிருந்த விறகு காய்ந்துதான் இருந்தது, ஆனாலும் ஈரக்காற்றில் தீ பிடிக்காமல் புகைந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த செல்லாயி ஊதுகுழலைப் பிடுங்கித் தானே குனிந்து ஊதினாள். புகையில் இருவரும் தாராளமாக அழுதார்கள்.

கஞ்சி எல்லோருக்கும் போனது. சின்னுசாமி மட்டும் தட்டத்தைத் தொடாமல் மச்சானின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான்.

"அன்னிக்கு அத்தன தடவ சொன்னாரு. தீக்கு மட்டும் போதும்னு நாந்தான்..."

நல்லம்மாள் அவனை முடிக்க விடவில்லை. தட்டத்தை அவன் கையில் வைத்தாள்.

"குடி. மறுபடியும் கட்டறப்ப கோட்டுக்கு மேல கட்டு."

தண்ணீர் நண்பகலில் கோட்டைத் தொட்டது. கோடு தெரியவில்லை என்று மணியன் சொன்னான். நல்லம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தப்பாக அளந்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் பயமாக இருந்தது. தண்ணீர் தளத்துக்கு ஏறவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று யோசித்துவிட்டு இறங்கத் தொடங்கியது.

பொழுது சாய்வதற்குள் ஓடை தாண்டும் அளவுக்கு வடிந்துவிட்டது. கூரையிலிருந்து அண்டாவில் பிடித்த மழைத்தண்ணீரில் அவரைக் குளிப்பாட்டினார்கள். படிகள் வழுக்கின. லாரியில் சரக்கு இறக்குவதைப் போல ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டு பாடையை மெல்லக் கீழே கொண்டுவந்தார்கள். பாடைக்குத் தோள் கொடுக்க வேண்டிய சின்னுசாமியைக் காணவில்லை.

அவன் படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரோரம் சேற்றில் குந்தியிருந்தான். தோளில் கிடந்த துண்டால் சுவரில் படிந்த சேற்றைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தான். மணியன் கூப்பிட்ட பிறகே எழுந்து வந்து தோளைக் கொடுத்தான்.

நல்லம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். பெண்கள் அதற்கு மேல் போகக் கூடாது. கடைசிப் படியில் நின்று, சுவரில் அவன் துடைத்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாடையில் கிடந்த கணவரின் காதோரம் சாய்ந்தாள்.

"தெரியுதுங்க," என்றாள்.

மணியன் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் முன்னால் நடந்தான்.