ஏழாம் ஆணி

எங்கள் விண்ணோடத்துக்கு இன்னும் இன்ஜின் வைக்கவில்லை. பெரிய விமானம் ஒன்று அதை முதுகில் சுமந்து மேலே கொண்டுபோய்க் கழற்றிவிடும். அது சறுக்கிக்கொண்டே வந்து ஓடுதளத்தில் இறங்க வேண்டும். தவறினால் இன்னொரு சுற்று வர வழியில்லை. உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவன் என் கூடப்பிறந்த தம்பி. சக்கரங்களுக்குப் பொறுப்பு நான்.

தரையில் இருக்கும்வரை சக்கரக் கதவுகள் திறந்துகொள்ளாதபடி பன்னிரண்டு பூட்டுப் பின்களைச் செருகியிருப்போம். ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா. கிளம்பும் முன் அவற்றை உருவி, பலகையில் எண் போட்ட ஆணிகளில் மாட்ட வேண்டும். ஒரு பின் உள்ளே தங்கினாலும் அந்தச் சக்கரம் வெளியே வராது; பலகை நிறைந்தால்தான் பறக்கலாம். ஏழாம் எண்ணுக்கு மட்டும் சலுகை. அது ஓடத்தின் முன்னால் இருக்கும் மூக்குச் சக்கரத்துக்குப் போடும் பின். முதல் சோதனையில் எங்கள் திட்டத் தலைவர் அதைத் தன் கையாலேயே உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்; ஓடம் பூப்போல இறங்கியது. அன்று பிடித்த ராசி! அதிலிருந்து ஓடம் இறங்கிய பிறகுதான் ஏழாம் பின் ஆணிக்கு வரும். இவ்வளவு கணக்குப் போடுகிறவர்களுக்கு ராசி எதற்கு என்று கேட்டால் நான் பொல்லாதவள்.

மூன்றாம் சோதனை முடிந்தும் ஏழாம் ஆணி காலியாகவே இருந்தது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் விசாரணை, தள்ளிவைப்பு. ஏற்கெனவே எனக்குச் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். வாயை மூடிக்கொண்டு ஸ்டோரிலிருந்து புதுசு ஒன்றை எடுத்துச் செருகினேன்.

நான்காம் சோதனை. ஓடம் மேலே போய்விட்டது. கழற்றிவிட நான்கு நிமிடம் இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் தலைவர், சோதனை நாளில் மட்டும் போடும் ராசிச் சட்டையின் பையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாடா வெளியே தொங்கியது. வெளுத்துப்போய், ஓரம் பிய்ந்த நாடா.

"சார், அந்தப் பின்னை எப்ப எடுத்தீங்க?"

"காலைலதான். ஏம்மா?"

"அது பழசு சார். போன தடவை காணாமப் போனது. நான் புதுசு போட்டிருந்தேன்."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"யாரையும் கேக்கலை. என் தப்புதான். ஆனா புதுசு எங்க?"

அவர் பையைத் துழாவினார். ஒன்றுதான் இருந்தது. "போன தடவை இதை ஆணில மாட்டாம விட்டிருக்கேன். இன்னிக்கு ஏணில ஏறினேன்... விருந்தாளிங்க வந்துட்டாங்கன்னு கூப்பிட்டாங்க. இறங்கிப் பையைத் தொட்டேன், இருந்துச்சு. எடுத்துட்டேன்னுதான்..."

"எடுத்தீங்களா, இல்லையா?"

"ஞாபகம் இல்லையேம்மா."

நான் மைக்கைப் பிடுங்கினேன். "தம்பி, அக்கா பேசறேன். கழட்ட வேண்டாம். மூக்குச் சக்கரப் பின் உள்ளயே இருக்கோன்னு தோணுது."

"நிச்சயமாத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியாது. சந்தேகம்தான்."

 "எனக்கு அது போதும். கழட்டாதீங்க, திரும்பறோம்" என்றான்.

பெரிய விமானம் அவனைச் சுமந்தபடியே இறங்கியது. ஏணியில் ஏறிப் பார்த்தேன். புதுப் பின் செருகிய இடத்திலேயே இருந்தது. நாடா கதவிடுக்கில் மடிந்து சிக்கியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அதை உருவிக்கொண்டு இறங்கினேன். கீழே நின்ற தம்பி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கேலி பேசுவான் என்று நினைத்தேன். "குடிக்கத் தண்ணி இருக்காக்கா?" என்றான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

தலைவரும் நானும் நடந்த தவறுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தோம். முதலில் எழுதிக் கொடுத்தவர் தலைவர்.

பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் சோதனை. தலைவர் ஏழாம் பின்னை உருவி, நேரே வந்து ஆணியில் மாட்டினார். பன்னிரண்டையும் உரக்க எண்ணினார். தம்பி இறங்கி வருகிறவரை, பழக்க தோஷத்தில், வெறும் பையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.