மத்தியானம் கூவிய சேவல்

தான் சுவரில் வரைந்த சேவல் மத்தியானத்தில் கூவியது என்றும், விடிந்துவிட்டதாக்கும் என்று நாலு தெரு ஜனம் மறுபடி பல் விளக்கியது என்றும் பெயிண்டர் சொல்லித் திரிந்தார்.

"சுவத்துச் சேவல் கூவுமாம்! முட்டை போடலையா?" என்பாள் அவர் மனைவி.

சேவல் கூவுமுன் இயேசுவைத் தெரியாதென்று மூன்று தரம் சொன்ன பேதுருவை, அந்தச் சேவலோடு ஆலயச் சுவரில் வரையும் வேலை. முதல் நாளே அவர் ஏறிய சாரக்கம்பு சரிந்து, வண்ணக் கண்ணாடி சன்னல் தூள் தூளானது. கம்பை நிமிர்த்திவிட்டு நழுவியவரை யாரும் பார்க்கவில்லை; சாவி வைத்திருந்த காவலாளி மேல் பழி விழுந்தது. ஞாயிறு ஆராதனைக்கு முன்பே அவரை வேலையிலிருந்து அனுப்புவதாகப் பேச்சு. கணவரின் சட்டை மடிப்பில் கண்ணாடித் துணுக்கைப் பார்த்த மனைவி, "மூச்சு விடாதீங்க, மானம் போயிடும்" என்றாள். அவர் துணுக்கைத் தட்டிவிட்டார்.

 மறுநாளிலிருந்து பேதுருவுக்கு எந்த மூக்கை வரைந்தாலும் இவர் மூக்காகவே வந்தது. வெள்ளையடித்து அழித்தார், அடுத்த தடவை அவர் மூக்கு மருவோடு சேர்ந்தே வந்து உட்கார்ந்தது. பேதுரு குளிர் காயும் தீ நிஜமாகவே தகதகவென்று அசைந்தது.

"சன்னல் எப்படி உடைஞ்சதுன்னு தெரியுமாப்பா?" என்று போதகர் கேட்டார்.

"தெரியாதுங்கய்யா."

மறுநாளும் கேட்டார்.

"நான் அந்தப் பக்கமே போகலைங்கய்யா."

சனிக்கிழமை மத்தியானம் காவலாளி சாவிக்கொத்தை ஒப்படைக்க வந்து நின்றார். வாசலில் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு நின்றாள். எந்தப் படமானாலும் கண்ணைக் கடைசியில்தான் வைப்பது பெயிண்டரின் வழக்கம். சேவலின் கண்ணுக்குக் கறுப்பைத் தொட்டிருந்தார்.

"கடைசியா கேக்குறேன். தெரியுமா?" என்றார் போதகர்.

"சத்தியமாத் தெரியாது" என்றபடியே புள்ளியை வைத்தார்.

சேவல் கூவியது! சாரம் கிடுகிடுத்தது, வாசலில் ஏதோ கணீரென்று விழுந்து உருண்டது. இறங்கினாரா விழுந்தாரா என்பது அவருக்கே தெரியாது. காவலாளியின் காலடியில் கிடந்தார்.

"நான்தான்யா உடைச்சேன்! என்னை மன்னிச்சிடு!"

போதகர் சுவரை அண்ணாந்து பார்த்தார். "அந்த மருவைப் பார்த்ததுலேருந்தே எனக்குச் சந்தேகம்தான்பா" என்று சொல்லி, சாவியைக் காவலாளியிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் போதகருக்குச் சேவல் சத்தம் கேட்கவில்லை. காவலாளிக்கும் கேட்கவில்லை. மனைவிக்கு இது போதாதா? ஒரு மாதம் கேலி செய்து தீர்த்தாள்.

ஒருநாள் நசுங்கிய தூக்கின் மூடி திறக்க வராமல் அவள் மல்லுக்கட்டும்போது, பெயிண்டர் மெதுவாகக் கேட்டார்: "சேவல் கூவலைன்னா, அன்னைக்கு இதை ஏன் கீழே போட்டே?"

அவள் கை நின்றது. தூக்கைக் கீழே வைத்தாள்.

"நாலு தெருவுக்கெல்லாம் கேக்கலை" என்றாள். "வாசல் வரைக்கும் கேட்டுச்சு."