முனை மழுக்கிய அட்டை

ஒரு மாதம் பூட்டிக் கிடந்ததில் ஷட்டர் துருவேறிப் பாதியில் நின்றுவிட்டது. நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் என் மருந்தாளுநர் சான்றிதழ். அதன் மேலிருந்த தூசியைத் துடைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

டாக்டர் சீட்டு இல்லாமல் வலிப்பு மாத்திரை விற்றதற்கு அபராதம், ஒரு மாதக் கடையடைப்பு. இன்னொரு முறை மாட்டினால் ஜெயில், என் சான்றிதழும் ரத்து. விற்றது என் கணவர்தான், ஆனால் கடை ஓடுவது என் பெயரில். அதனால் கோர்ட்டில் போய் நின்றதும் நான்தான். "குடுத்தது என் கை, நின்னது உன் காலு" என்று வெளியே வந்ததும் ஜோக்கடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம். மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது கத்தரியால் முனைகளையும் வளைத்து மழுக்கிவிடுவார். வயசானவர்களின் விரலைக் குத்திவிடக் கூடாதாம். தீர்ந்ததும் அவர்கள் அந்தக் காலி அட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். முனையைப் பார்த்தாலே போதும், நம்ம ஆள் என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். சீட்டு கேட்பது அவர் அகராதியில் மரியாதைக் குறைவு. அன்று வந்த முன்பின் தெரியாத மனிதர் நீட்டியதும் அப்படியொரு அட்டைதான். மாத்திரை கைக்கு வந்ததும் தான் மருந்து ஆய்வாளர் என்றார். அந்த அட்டை அவரிடம் எப்படிப் போனது என்று இந்த ஒரு மாதமும் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

முதல் ஆளாக எதிர்வீட்டு மாடியிலிருந்து கண்டக்டர் அண்ணன் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும், டிக்கெட் கிழிப்பதுபோல் எதையும் இரண்டு விரலால்தான் பிடிப்பார். அப்படியே ஒரு காலி அட்டையை மேசைமேல் வைத்தார்.

"உங்க அக்காவுக்கு மாத்திரை நேத்தோட தீந்துபோச்சும்மா."

"சீட்டு வேணுண்ணே."

"பழசுதான் இருக்கு. டாக்டர் வெளியூரு. திங்கக்கிழமைதான் வருவாராம்."

அவர் அட்டையைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"உங்க கடைய மூடுனதுக்கு நான்தாம்மா காரணம். பார்க்குல ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காந்து, தூக்கமே இல்லன்னு புலம்புனாரு. பாவமா இருந்துச்சு. இந்த மாத்திரை போட்டா இவ அசந்து தூங்குவா இல்ல, அதான் காலி அட்டையக் குடுத்தேன். இதக் காட்டுங்க, தம்பி தங்கமான ஆளு, ஒண்ணும் கேக்க மாட்டாருன்னு சொல்லி அனுப்புனேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது அலுப்புதான். இவர்கள் இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்து தொலைத்தார்கள். கெட்டவளாக இருக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. என் கணவரின் கை, இரண்டாவது தட்டிலிருந்த நீலப் பெட்டியை நோக்கிப் போனது.

"வேணாங்க," என்றேன். கை நின்றது.

"பழைய சீட்டை எடுத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே. அவசரப் பிரிவுல புதுசா எழுதித் தருவாங்க."

"வரிசையில நின்னு வாங்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுமேம்மா. அதுக்குள்ள வலிப்பு வந்துட்டா அவள யாரு பாத்துக்கறது?"

"நான் பாத்துக்கறேன்."

அவர் கும்பிட்டுவிட்டு, பஸ் பிடிக்க ஓடினார். எனக்குக் கூசியது. "சீட்டோட யாராவது வந்தாலும் நான் வர்ற வரைக்கும் நிக்கச் சொல்லுங்க," என்று கணவரிடம் சொல்லிவிட்டு மாடியேறினேன்.

அக்கா கட்டிலில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலிலிருந்து எங்கள் கடை முழுதும் தெரிந்தது. அங்கே என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் தலைக்குப் பின்னால், தட்டில் நீலப் பெட்டிகள் அடுக்கியபடி இருந்தன. தெருவைக் கடந்தால் எடுத்துவிடலாம். இந்த அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தச் சான்றிதழை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்?

அக்காவின் இடதுகைச் சுண்டுவிரல் ஒருமுறை துடித்தது. கனவாக இருக்கலாம். தலைமாட்டு மேசையை நகர்த்திப் பார்த்தேன், அசையவில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, மேசையின் கூர்முனையில் சுற்றிக் கட்டினேன்.