நிறத்துக்கா குளிருது?

அந்த ஜாக்கெட் எனக்கு வேண்டும்.

நினைத்த மாத்திரத்தில் இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள். விழவில்லை. அண்ணன் மகள் குனிந்தபடி, அண்ணியின் இடது கையைக் கோட்டுக்குள் நுழைக்கத் திணறிக்கொண்டிருந்தாள். வலது கை இவளிடம் இருந்தது. விறைத்துப்போன விரல்களைக் குவித்துப் பிடித்து, குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல மெல்ல உள்ளே விட்டாள். பிடித்திருப்பது செத்துப்போனவளின் கை. மனசு மட்டும் கதவுக் கொக்கியில் தொங்கிய அண்ணியின் ஜாக்கெட்டைப் போய்ப் பிடித்துக்கொண்டு நின்றது. சீ, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அது அங்கேயேதான் நின்றது.

"இப்பவாச்சும் போட்டுக்கட்டும், அத்தை," என்றாள் அண்ணன் மகள். அழுது ஓய்ந்த குரலில் கொஞ்சம் சண்டையும் மிச்சமிருந்தது.

முழங்கால் வரை வரும் கருநீலக் கம்பளிக் கோட்டு. வேலையில் உயர்வு வந்தபோது அம்மாவுக்கு அவள் ஆசையாக வாங்கித் தந்தது. அண்ணி தடவிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று சொல்லி, உறையைக்கூடக் கழற்றாமல் அலமாரியில் மாட்டினாள். மாட்டியதோடு சரி. "ஒத்தைக் கோட்டு ஒத்தைப் புள்ள மாதிரி. வேர்த்தாலும் அதுதான், வெறைச்சாலும் அதுதான்" என்று மகளை வைத்துக்கொண்டே ஒருநாள் சொல்லிவிட்டாள். ஒத்தைப் பிள்ளையான மகள் அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசவில்லை.

கழுத்து வரை பொத்தான் போட்டு முடித்ததும் இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். யார் வீட்டுக்கோ விருந்துக்குப் புறப்பட்டு, கூட வருகிறவர்களுக்காகச் சற்றே கண்ணை மூடிக் காத்திருப்பவள்போல இருந்தாள் அண்ணி. அழகாகத்தான் இருந்தாள். ஆனால் அண்ணியாக இல்லை.

இருபது வருஷமாக அண்ணியைக் கோட்டில் பார்த்தவர் எவருமில்லை. பேருந்து நிலையத்துக்கு வெளியே, கூரை இல்லாத சந்தையில், இரும்புக் கம்பிகளில் துணி தொங்கவிட்டுக் குளிர்கால உடைகள் விற்றவள் அவள். விடியும் முன்பே வேலைக்குப் போகிறவர்கள்தான் அவளுடைய வாடிக்கையாளர்கள். தெருக் கூட்டுகிறவர்கள், பேப்பர் போடுகிறவர்கள், கட்டடத்தில் சாரம் ஏறுகிறவர்கள். வந்து நின்றதும் "என்ன வேணும்?" என்று கேட்கமாட்டாள். "அங்கிட்டுத் திரும்பு" என்பாள். பின்கழுத்துக் காலருக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பாள். முதல் தடவை வருகிறவர்கள் துள்ளிக் குதிப்பார்கள்.

"ஈரமா இருக்கே. உனக்குக் குளிரு வெளிய இல்லப்பா, உள்ள இருக்கு. பருத்தி பனியன் போட்டிருக்கியா? அது வேர்வையக் குடிச்சுட்டு ஐஸ் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும். மொதல்ல அதக் கழட்டு."

"இங்கயா?"

"இல்ல, எங்க வீட்டுக்கு வா, வெத்தல பாக்கு வச்சு அழைக்கறேன்."

தோலுக்கு ஒண்ணு, சூட்டுக்கு ஒண்ணு, காத்துக்கு ஒண்ணு. அவ்வளவுதான் அவளுடைய வியாபாரம். வேர்வையை வெளியே தள்ளும் மெல்லிய உள்சட்டை, அதன்மேல் பஞ்சுபோன்ற ஒரு கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். மூன்றும் சேர்ந்து பெரிய கடைக் கோட்டு ஒன்றின் கையை வாங்கக்கூடக் காணாத விலைக்கு முடியும். வேர்க்கும் முன்பே ஒன்றைக் கழற்று, நடுங்கும் முன்பே ஒன்றைப் போடு என்பாள். குளிர் வந்தபிறகு துணி தேடுகிறவன் பசி வந்தபிறகு அடுப்பு மூட்டுகிறவன் என்பாள். வாய் ஓயாது. தேநீர் மட்டும் யாருக்கும் வாங்கித் தரமாட்டாள்.

நேற்றுக் காலை அந்தச் சந்தையில்தான், முக்காலியில் உட்கார்ந்த வாக்கிலேயே, போய்விட்டாள்.

இறுதி அஞ்சலிக்கு எடுத்திருந்த மண்டபத்துக்கு முதலில் வந்தவர் பக்கத்துக் கடைக் குடைக்காரர். வந்ததிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தூங்கறாங்கன்னுதாம்மா நெனச்சேன். கன்னம் சில்லுன்னு இருந்துச்சு. சரி, காத்துல உக்காந்தா அப்படித்தானேன்னு கைய புடிச்சுப் பாத்தேன். ஜாக்கெட்டுக் கைக்குள்ள கதகதன்னு இருந்துச்சும்மா. அப்புறம் எப்படி நெனப்பேன்? தேத்தண்ணி வாங்கிட்டு வந்து பக்கத்துல வச்சுட்டு, எந்திரிக்கட்டும்னு யாவாரத்தப் பாத்துட்டிருந்தேன். பாவி நான்."

"உங்க தப்பு இல்லண்ணே," என்றாள் இவள்.

"ஆம்புலன்ஸ்ல வந்த பையனே தடுமாறிட்டான். இவ்ளோ சூடா இருக்காங்களேன்னான்."

அவர் முகத்தில் துக்கம்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் எட்டிப் பார்த்ததை இவள் கவனித்தாள். தன்னைவிட்டு உயிர் போனபிறகும் சூட்டை விடவில்லை அந்த மனுஷி என்பதுபோல.

கொஞ்சம் கொஞ்சமாக மண்டபம் நிறைந்தது. பின்வரிசைச் சுவரில் ஓர் ஓரமாகச் சாய்ந்து நின்று இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே ஜாக்கெட் போட்டிருந்தார்கள். பாசி பிடித்த தொட்டித் தண்ணீரின் நிறம். மஞ்சள் என்றும் சொல்லமுடியாது, பச்சை என்றும் சொல்லமுடியாது. எவருமே வாங்கமாட்டேன் என்று திருப்பியனுப்பிய சரக்கு அது. மொத்த வியாபாரியின் கிடங்கில் எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தபோது அண்ணி போய், தையலை இழுத்துப் பார்த்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, மொத்தத்தையும் அள்ளிவந்தாள். "அண்ணி, இந்த நிறத்த யாரு போடுவா?" என்று இவள் கேட்டதற்கு, "நிறத்துக்கா குளிருது?" என்றாள். இரண்டு குளிர்காலத்தில் பேருந்து நிலையத்தைச் சுற்றி அதுவே ஊரின் நிறமாகிவிட்டது.

மண்டபத்தில் ஹீட்டரைத் தாராளமாக வைத்திருந்தார்கள். வந்தவர்கள் ஒரு நிமிடம் நின்றார்கள். பிறகு, யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை, ஒவ்வொருவராக ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார்கள். இன்னும் சற்று நேரத்தில் கம்பளிச் சட்டைகளும் கழன்றன. மெல்லிய உள்சட்டையோடு, தலை கலைந்து, வேர்க்காமல், கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர் தன் கம்பளிச் சட்டையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு விசும்பினார்.

"என்ன அத்தை இது, எல்லாரும் சந்தையில துணி காயப்போட்ட மாதிரி..." என்று அண்ணன் மகள் காதருகில் வந்து முணுமுணுத்தாள்.

"உங்கம்மா சொல்லிக்குடுத்தது. வேர்க்கறதுக்கு முன்னாடி கழட்டணும்."

அவள் மறுபடி பார்த்தாள்.

அப்போதுதான் மொத்த வியாபாரி வந்தார். மூச்சு வாங்க நடந்து நேரே அண்ணனிடம் போனவர், இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நீங்க எழுந்து நடக்கறீங்களா? உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

"எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன்," என்றார் அண்ணன்.

"டாக்டர் நாள் குறிச்சுட்டாருன்னாங்களே... ஒவ்வொரு தடவையும் சரக்கு எடுக்க வர்றப்ப அழுதுட்டே சொல்லுவாங்க. அவர் போறதுக்குள்ள ஒரு வழி பண்ணிக்கணும், விலையக் கொஞ்சம் பாத்துப் போடுங்கன்னு. மனசு கேக்காம நானும்..."

இவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். ‘உங்கண்ணன எத்தனை தடவை சாகடிச்சிருக்கேன் தெரியுமாடி’ என்று அண்ணி ஒருதரம் சொல்லியிருந்தாள். ‘பாவம், கல்லு மாதிரி இருக்கார். ஆனா அவர் சாகச் சாகத்தான் நாலு பேரு குளிராம இருக்காங்க.’

திரும்பிப் பார்த்தபோது அண்ணன் வியாபாரியின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஆமாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ரொம்ப மோசமாத்தான் இருந்துச்சு. அவதான் காப்பாத்தினா."

சிரிப்பு நின்று, கண்ணில் நீர் வந்தது அப்போதுதான்.

இவள் புருஷனை விட்டு இந்த ஊருக்கு வந்து இறங்கிய அன்று, ரயில் நிலையத்துக்கு அண்ணிதான் வந்திருந்தாள். அண்ணன் வண்டியோடு வெளியே நின்றார், கூடவே நாலைந்து உறவுக்காரர்கள். இவள் மேலே ஒரு நல்ல சால்வை, உள்ளே வெறும் ரவிக்கை. பல் தந்தி அடித்தது. அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். கேள்வி கேட்கவில்லை. கையைப் பிடித்து நடைமேடைக் கழிப்பறைக்குள் இழுத்துப்போய், தன் ஜாக்கெட்டைக் கழற்றி இவள் கையில் கொடுத்து, நடுவில் போட்டிருந்த கம்பளிச் சட்டையை உரித்து இவளுக்கு மாட்டினாள். அவள் உடம்புச் சூடு அதில் அப்படியே இருந்தது. பிறகு ஜாக்கெட்டைத் தான் போட்டுக்கொண்டு, சால்வையை இவள்மேல் பழையபடி சுற்றிவிட்டாள்.

"மேல போடறதக் குடுத்தா எல்லாரும் பாப்பாங்க. அவ குடுத்தா, இவ வாங்கிக்கிட்டான்னு பேச்சாகும். நடுவுல போடறது யாருக்கும் தெரியாது. வா, நிமிந்து நட."

வெளியே நின்றவர்கள் கண்ணுக்கு, உள்ளே போன இருவரும் அப்படியேதான் திரும்பி வந்தார்கள். வழியெல்லாம் அண்ணி நடுங்கியதை இவள் ஒருத்திதான் பார்த்தாள். அந்தச் சட்டை நைந்து, ஒட்டுப்போட்டு, கடைசியில் தலையணைக்குள் போனது. மற்றபடி அண்ணியுடையது என்று இவளிடம் ஒரு துரும்பும் இல்லை. அதனால்தானோ என்னவோ, இப்போது அந்த ஜாக்கெட்டுக்காக மனசு நாய்க்குட்டி மாதிரி வாசலில் கிடந்தது.

கேட்காமலே கிடைத்தது. அறையிலிருந்து அண்ணன் அதை எடுத்துவந்து, "இத நீ வச்சுக்க," என்று இவள் கையில் வைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். கைமுனைகளுக்குள் அண்ணி பழைய காலுறையை வெட்டித் தைத்திருந்த பட்டிகளை இவள் விரலால் தடவினாள். மணிக்கட்டில் காற்று நுழையாதிருக்க அவளே கண்டுபிடித்தது. முகத்தில் வைத்து அழுத்த ஆசையாக இருந்தது. இத்தனை பேர் நடுவில் எப்படி? பக்கத்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, கடைசியாக முகம் பார்க்க வந்தவர்களை ஒழுங்குபடுத்தப் போனாள்.

திரும்பி வந்தபோது நாற்காலியில் ஜாக்கெட் இருந்தது. எடுத்துக் கைக்குள் விரலை விட்டாள். பட்டி இல்லை.

அதே நிறம், அதே அளவு. ஜிப்பு பாதியில் பல் உதிர்ந்துபோய், கழுத்திலிருந்து இடுப்பு வரை ஊக்குகள் குத்தியிருந்தன. இடது தோளில் கிழிசலை ஒட்டுநாடா வைத்து ஒட்டியிருந்தது.

"என்னாச்சு, அத்தை?" அண்ணன் மகள் வந்து பார்த்தாள். புரிய அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. "மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்களா? யாரு இங்க உக்காந்திருந்தது?"

இங்கே உட்கார்ந்திருந்தவள் பேருந்து நிலையம் கூட்டுகிற பெண். மதிய வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாக எழுந்ததை இவள் பார்த்திருந்தாள். இருவரும் வாசலுக்கு விரைந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பனி கலந்த காற்று சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. தெருவின் எதிர்ப்புறம் பேருந்து நிறுத்தத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஜிப்பைக் கழுத்து வரை இழுத்திருந்தாள். தாடையை உள்ளே புதைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்கதான் நிக்கறாங்க! நான் போனா யாரோன்னு நெனப்பாங்க. உங்களத்தான் தெரியும். ஓடிப்போய்க் கேளுங்க, அத்தை." கதவைத் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டாள்.

குளிர் முகத்தில் அறைந்தது. அதே நேரத்தில் அந்தப் பெண் கைகளைத் தேய்த்துக்கொள்ளப் போனவள் நின்றாள். கைமுனையைத் திருப்பிப் பார்த்தாள். பட்டியை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு கையையும் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி மண்டபத்தைப் பார்க்க, வாசலில் இவர்கள் நிற்பது தெரிந்தது. முகம் வெளுத்துப்போனது இங்கிருந்தே புரிந்தது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, பட்டிகளைக் காட்டி, தலையசைத்துக் கேட்டாள்: இது உங்களுடையதா?

"ஆமான்னு சொல்லுங்க, அத்தை. பஸ் வருது."

பேருந்து வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் விரல்கள் ஜிப்பின் நுனிக்குப் போயின.

இவள் இல்லை என்று தலையாட்டினாள். போதாது என்று தோன்றியதுபோல, போ போ என்று கையாலும் காட்டினாள்.

"அத்தை!"

பேருந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றது.

"கதவச் சாத்துடி," என்றாள். "குளிரு உள்ள வருது பாரு."