தண்ணீர் திறந்துவிடுகிறவர்

தன்னால்தான் ஊரே நடக்கிறது என்று நம்புகிற மனுஷனோடு ஒரே வீட்டில் இருந்ததுண்டா நீங்கள்? மகள் இருந்தாள். இப்போது அப்பாவுடைய செருப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வாசலை மறித்து நிற்கிறாள்.

"செருப்பைக் குடு. நேரமாச்சு."

"நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னீங்களேப்பா. ஆட்டோ வருது, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"நான் போய் வால்வைத் திறக்கலைன்னா ஊரே வாய் கொப்பளிக்காம உக்காந்திருக்கும். திறந்துட்டு வரேன்."

அவர் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. சட்டை முழுக்க வேர்வை.

தெருவில் அவருக்குப் பேரே ஜம்பம்தான். கையில் ஒன்றுமில்லாதவன் விரலை மடக்கி மூடிக் காட்டுவானே, அது. "ஜம்பம் வருது, குடத்தை வை" என்பார்கள். அவர் காதிலும் விழும். அதையும் ஒரு மரியாதை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

ஆனால் கையில் நிஜமாகவே ஒன்றுமில்லை என்பது மகளுக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். தானே திறந்து தானே மூடுகிற மோட்டார் போன வருஷமே வந்துவிட்டது. தண்ணீர் வேறு குழாய்க்கு மாறியாயிற்று. "ரிட்டயர் ஆகுற வரைக்கும் திருகிட்டுப் போகட்டும்மா, பாவம்" என்றார் குடிநீர் ஆபீஸ்காரர். இவர்களும் பாவம் பார்த்து வாயைத் திறக்கவில்லை.

"சொல்லிடுடி" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்து.

"அப்பா, அந்த வால்வுல தண்ணியே போகலை. மோட்டார்தான் விடுது. நீங்க திருகுறது சும்மா."

அவர் சிரித்தார். "எனக்கே தெரியாத சங்கதி உனக்குத் தெரிஞ்சுபோச்சா? ஜம்பம் அடிக்காதடி. என் பொண்ணுக்கு அது அழகில்ல."

"சத்தியமாப்பா. உங்க கால்ல விழறேன்."

விழுந்தாள். அவள் குனிந்ததும் வாசல் வழிவிட்டது. வால்வைத் திருகுகிற நீள இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு அவளைத் தாண்டிப் போய்விட்டார்.

ஆட்டோவில் இவர்கள் போய்ச் சேர்ந்தபோது வால்வுக் குழியோரம் சாவியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் சாவியை எடுக்க முடிந்தது. வால்வை முழுசாகத் திறந்துவிட்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது.

"ஊருக்கே தண்ணி விட்ட மனுஷன்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஆமா" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் தண்ணீர் வந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரம். குழாயை மூட வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை.