கைப்பிடியில் மஞ்சள் துணி

கப்பலில் எல்லாக் கதவும் ஒன்றுபோலவே இருக்கும். நீளமான நடை, இரண்டு பக்கமும் வெள்ளைக் கதவுகள், எண் மட்டும்தான் வேறு. புத்தி தெளிவாக இருக்கிறவர்களே அடுத்தவர் அறையைத் தட்டிவிட்டு அசடு வழிவார்கள். அதனால் ஆளுக்கொரு அடையாளம் வைத்துக்கொள்வது வழக்கம். ஒருவர் காகிதப் பூ ஒட்டுவார், இன்னொருவர் பேரன் படம். நான் என் பழைய மஞ்சள் புடவையில் ஒரு முழம் கிழித்துக் கைப்பிடியில் கட்டினேன். என் வீட்டுக்காரருக்கு எண்கள் மறந்துபோய் ரொம்ப நாளாகிறது. நிறம் இன்னும் மறக்கவில்லை.

இந்தப் பயணமே ஒரு பந்தயம்தான்.

"அப்பாவை உன்னால தனியா பார்த்துக்க முடியாதும்மா. நல்ல இல்லமா ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். டாக்டர், நர்ஸ் எல்லாம் கூடவே இருப்பாங்க" என்றான் மகன். கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் முடிவை எடுத்து வைத்துக்கொண்டுதான் யோசனை கேட்பான்.

எனக்கு வந்ததே கோபம். "கப்பல்ல கூட்டிட்டுப் போயி, போன மாதிரியே கூட்டிட்டு வர்றேன். வழியில ஒரு தடவை அவரு தொலைஞ்சு போனாலும் நீ சொன்னபடி கேக்குறேன், போதுமா?" என்று வாயை விட்டுவிட்டேன். எனக்கு வாய் நீளம் என்று மாமியார் சொன்னது சும்மா இல்லை.

ஒரு நாள் காலை கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றது. இறங்கிக் கரையில் கால் வைத்ததும் தரை ஆடியது. சில நாள் கடலில் இருந்தால் அப்படித்தான். கப்பல் நின்றுவிடும், பூமி மிதக்கும். எனக்குத் தலை சுற்றியது, அவருக்கோ ஒரே குஷி.

"பாரேன், ஊரே மிதக்குது" என்றார்.

"மிதக்கட்டும். நீங்க என் கையை விடாதீங்க."

ஊரும் மிதந்துகொண்டுதான் இருந்தது. கயிற்றுக் கடை, பெயின்ட் கடை, பூட்டுக் கடை என்று நிதானமாக எங்களைக் கடந்து போயின. மாடிகளில் காயப்போட்ட துணிகளிலிருந்து தெருவில் தண்ணீர் சொட்டியது. யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. எந்த வீட்டிலோ ஒரு குழந்தை ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாதிவரை பாடி நிறுத்தியது. பூட்டுக் கடைக்கு எதிரே மரத்தடியில் ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தோம். இலை நிழல் காலடியில் அசைய, பெஞ்சு மெல்ல ஏறி இறங்குவதுபோல் இருந்தது. அவர் கை என் மடியில் இருந்தது. எத்தனையோ நாளாக அரைக்கண்ணில் தூங்குகிறவள் நான். அந்த ஆட்டம் என்னைத் தாலாட்டிவிட்டது.

கண் விழித்தபோது மடியில் அவர் தொப்பிதான் இருந்தது.

எழுந்த வேகத்தில் தரை ஒரு பக்கம் சாய்ந்தது. பூட்டுக் கடைக்காரரிடம் ஓடினேன்.

"வெள்ளைச் சட்டை போட்ட பெரியவருதானே? கப்பலுக்குப் போறேன்னு சொல்லிட்டு அந்தச் சந்துல போனாரும்மா. ஜோரா நடந்து போனாரே!"

கடல் இருந்தது எதிர்ப்பக்கம்.

சந்துக்குள் நுழைந்தேன். அது இன்னொரு சந்தில் விட்டது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். பச்சைச் சுவருள்ள ஒரு அறையில் யாரோ தலை வாரிக்கொண்டிருந்தார்கள். ஒரு பூனை என்னைப் பார்த்தும் நகரவில்லை. பாதிப் பாட்டுக் குழந்தை இப்போது வேறு பக்கத்திலிருந்து பாடியது. நடந்த தெருவிலேயே திரும்ப நடக்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால், கட்டிக்கொண்ட நாளிலிருந்து 'என்னங்க' தவிர வேறு எதுவும் சொல்லிப் பழக்கமில்லை. நடுத்தெருவில் நின்று "என்னங்க! என்னங்க!" என்று கத்தினேன். ஊரிலுள்ள புருஷன்மார் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள், என் புருஷனைத் தவிர.

கைப்பையில் போன் அடித்தது. மகன். கப்பல் கரை சேர்கிற நாளில்தான் போனுக்கு உயிர் வரும், அவனும் தவறாமல் கூப்பிடுவான். நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? நீ ஜெயிச்சுட்டேடா என்றா? அடித்து ஓயும்வரை பையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றேன். அழுகையாக வந்தது. அவர் இல்லாத வீட்டில் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது கண்ணில் தெரிந்தது.

அப்போதுதான் பக்கத்தில் திறந்திருந்த வாசலைப் பார்த்தேன். உள்ளே நீளமான, குளிர்ச்சியான நடை. இரண்டு பக்கமும் வெள்ளைக் கதவுகள், வரிசை வரிசையாகக் குடித்தனங்கள். தரை மெல்ல ஆடியது. ஒரு கணம் நானே கப்பலுக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டேன். நடையின் கடைசியில் ஒரு கைப்பிடியில் மஞ்சளாக ஒரு துணி தொங்கியது.

ஓடவில்லை. ஓடினால் கலைந்துவிடும்போல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அந்தக் கதவுக்கு வெளியே அவர் செருப்பு, இடது வலது மாறி, வாசலைப் பார்த்து இருந்தது. அப்படிக் கழற்றிவிட உலகத்தில் ஒருவரால்தான் முடியும். போன உயிர் திரும்பி வந்தது.

அறை முழுக்க வெள்ளைத் தலையணை உறைகள். ஹோட்டல்களுக்கு உறை தைக்கும் ஒரு அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தைத்து மடித்த உறைகள் குவிந்த கட்டிலில், சாய்ந்து கால் நீட்டி, கையில் டீயோடு இருந்தார் என் வீட்டுக்காரர்.

"வாங்க வாங்க" என்றார் அந்த அம்மா. "மெஷின் துடைச்ச துணியை அலசிக் கதவுல போட்டிருந்தேன். இவரு நேரா உள்ள வந்து படுத்துட்டாரு. 'ஏம்மா, இன்னிக்கு முயல் செஞ்சு வைக்கலியா'ன்னு என்னையே கேக்குறாரு!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கப்பலில் அறையைச் சுத்தம் செய்ய வருபவர் துண்டை மடித்துத் தினம் ஒரு பிராணி செய்து கட்டிலில் வைப்பார். முயல் என்றால் இவருக்கு உயிர்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒரு உறையை மடிச்சுப் பார்த்தேன். எனக்கு எலிதான் வந்துச்சு." கட்டில் ஓரத்தில் அந்த எலி இருந்தது.

"போலீசுக்குச் சொல்லலாமான்னு கேட்டேன்" என்று மெல்லச் சொன்னார். "வேணாம், என் வீட்டுக்காரி துணியைப் பார்த்து வந்துடுவா, அவளுக்குத்தான் வழி கொஞ்சம் குழம்பும்னாரு. அவரு பயப்படவே இல்லைங்க. உங்களை நினைச்சுத்தான் கவலைப்பட்டாரு."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் தன் டீயை என்னிடம் நீட்டினார். பாதிதான் இருந்தது. குடித்தேன்.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தேன். கொடுத்த வாக்கு வாக்குதான். பொய் சொல்லி அவரைக் காப்பாற்றினால், நாளைக்கு அதே பொய் அவரைத் தெருவில் விட்டுவிடும்.

"ஏம்மா எடுக்கலை? அப்பா எங்க?"

"டேய், அப்பா... அப்பா இன்னிக்கு..."

அவர் கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"யாரு, நீயா? ஒண்ணுமில்லைடா. உங்க அம்மா கொஞ்ச நேரம் தொலைஞ்சு போயிட்டா. நான் ரூம்லயேதான் இருந்தேன். தேடிட்டுப் போனா ரெண்டு பேருமே சுத்திட்டு இருக்கணும்ல? அதான் போகலை. இப்ப வந்துட்டா." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "அவளை எங்கேயும் அனுப்பிடாதே. என் கூடவே இருக்கட்டும். நான் பார்த்துக்கறேன்."

தையல் மெஷின் நின்றது. போனுக்குள்ளிருந்து என் மகன், "சரிப்பா" என்றான். அவன் குரல் அவன் குரலாக இல்லை.

எழுந்து வெளியே வந்தோம். செருப்பை நேராக மாட்டிவிட்டேன். நீளமான நடை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் நின்று என் பக்கம் கையை நீட்டினார்.

"பிடிச்சுக்கோ. திரும்பவும் தொலைஞ்சு போயிடாதே."

பிடித்துக்கொண்டேன்.