மூன்றாம் ஓலை

பூசை முடியப் போகிறது, சாமியார் ஓலை வாசிக்கப் போகிறார் என்று நினைத்ததுமே ஜோஸ்பினுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு மாதா கோயிலில் அறிவிப்பார்கள். இரண்டு முடிந்துவிட்டது. இன்று மூன்றாவது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த தம்பி ஃபிராங்க்ளின்தான்.

பெங்களூருக்குச் சாப்பாடு டெலிவரி வேலைக்குப் போனவன் அவன். ராத்திரியும் பகலும் வண்டி ஓட்டினால்தான் கட்டுப்படியாகும் என்று, கூட இருந்த புண்ணியவான்கள் ‘ஐஸ்’ என்கிற போதை மருந்தைப் பழக்கிவிட்டார்கள். தூக்கம் வராது, பசிக்காது, ராஜா மாதிரி இருக்கலாம் என்றார்களாம். நாசமாய்ப் போக! ஒரு நாள் எலும்பும் தோலுமாக ஏரியூர் பஸ்ஸில் வந்து இறங்கினான் ராஜா. ஜோஸ்பின்தான் அவனைத் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். போதையை விட்டான். ஆனால் அதற்கப்புறம் செத்த பிணம் மாதிரி உட்கார்ந்தே கிடந்தான்.

டாக்டரம்மா அம்மாவையும் மகளையும் உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார்.

“சந்தோஷத்துக்கு மூளையில டோபமைன்னு ஒண்ணு சுரக்கும். அந்தப் போதை அதை வெள்ளமாக் கொட்ட வெச்சிருக்கு. தாங்க முடியாம மூளை, அதை வாங்கற ரிசெப்டரைக் குறைச்சிடுச்சு. இப்ப நல்ல சோறு, பாட்டு, பேச்சு எதுவுமே இவருக்கு உள்ள போய்ச் சேராது. சோம்பேறின்னு திட்டாதீங்க. மெல்ல மெல்லத் தேறும், வருஷம் ஒண்ணு ரெண்டுகூட ஆகலாம். அதுவரைக்கும் வைத்தியத்தை விட்டுடாதீங்க, பெரிய பாரம் எதையும் தலையில ஏத்தாதீங்க.”

அம்மா மிக்கேலம்மாள் நன்றாகத் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்த கையோடு பெண் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

“ஒரு புள்ள வூட்டுக்கு வந்தா மொகத்துல தானா களை வரும்டீ. அந்த டாக்டருக்கு என்னா தெரியும்?”

இந்த ஊரில் குடிகாரனுக்கும் கல்யாணம்தான் வைத்தியம், ஊர்சுற்றிக்கும் கல்யாணம்தான் வைத்தியம். வருகிறவள் என்ன மனுஷியா, மாத்திரையா? இதில் பெண் வீட்டார் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் போவதையும் நிறுத்தியாயிற்று. முதல் ஓலைக்கு முன்னால் அம்மா மகளிடம் சத்தியம் வாங்கினாள். இரண்டாவதற்கு முன்னால் காலில் விழாத குறையாக அழுதாள். ஜோஸ்பினும் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

நேற்று சாயங்காலம் காரிமங்கலத்துப் புகுந்த வீட்டிலிருந்து அவள் அம்மா வீட்டுக்கு வந்தபோது தம்பி மெதுவாகக் கேட்டான்.

“க்கா, கல்யாணத்தன்னிக்கு மட்டும் ஒரே ஒரு தடவ அத எடுத்துக்கிட்டா, நானும் எல்லார் மாதிரி சிரிச்ச மொகமா இருப்பேன்ல?”

சத்தியமாவது மண்ணாவது!

சாமியார் தாளைப் பிரித்து வாசித்தார். “சவரியின் மகள் ஜாஸ்மினுக்கும்…” என்று முடித்து நிமிர்வதற்குள் ஜோஸ்பின் எழுந்துவிட்டாள். அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்ததை அவள் சட்டை செய்யவில்லை.

“தடை இருக்குங்க சாமி.”

கோயிலே திரும்பிப் பார்த்தது. “பூசை முடிஞ்சதும் வந்து சொல்லும்மா,” என்றார் சாமியார்.

“ஓலைய எல்லார் முன்னாடியும்தான வாசிச்சீங்க? என் தம்பிக்கு வைத்தியம் பாதியில நிக்குதுங்க. போதை மருந்து அவன் மூளையக் கெடுத்து வெச்சிருக்கு. அத மறைச்சி ஒரு பொண்ண ஏமாத்தறோம். அவனையும் சேத்துக் கொல்றோம்.”

ஆண்கள் பக்கத்திலிருந்து சவரி எகிறிக்கொண்டு எழுந்தார். “மண்டபம் பேசி, பத்திரிகை அடிச்ச பெறகு வந்து சொல்றியா? ஏம்ப்பா, உங்கக்கா சொல்றது நெசமா?”

ஃபிராங்க்ளின் எழுந்து நின்றான்.

“நெசந்தாங்க. உங்க பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லீங்க. பாக்க வந்த அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தோணல. எதப் பாத்தாலும் தோண மாட்டேங்குது. அம்மா சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன்.”

பெண்கள் பக்கத்தில் ஜாஸ்மின் எழுந்தாள்.

“அந்த ஓலையக் கிழிச்சிடுங்க சாமி.”

“உக்காரு புள்ள!” என்று அதட்டினார் சவரி.

“எதுக்குப்பா உக்காரணும்? இத்தினி நாளா எங்கிட்ட எல்லாருமே சிரிச்சிச் சிரிச்சிப் பேசுனாங்க. நெசத்தச் சொன்னது இவங்க ரெண்டு பேருதான்.”

கோயில் வாசலில் மிக்கேலம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “பெத்த வயித்துல நெருப்பள்ளிக் கொட்டிட்டியேடீ! தம்பி கல்யாணத்த நிறுத்திட்ட, இப்பக் குளுகுளுன்னு இருக்குதா?”

“எனக்கும் வயிறு எரியுதும்மா,” என்றாள் ஜோஸ்பின். “நாளைக்கு இவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீயும் கெளம்பு.”

“யாராச்சும் பாத்தா?”

“பாக்கட்டும். ஊருக்கே தெரிஞ்சிபோச்சு, இனிமே யாருக்கும்மா மறைக்கப் போற?”